பிக்சலும் ஸ்கேன்லைனும்: டிவி, டிவி கேம், எல்இடி போர்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை டவுன் ஹால் ரோட்டில் புது டிவி பார்க்கப் போகிறவர்கள், பரணிலிருந்து பழைய பிக்சர் டியூப் டிவியை இறக்கித் தூசி தட்டுகிறவர்கள், கடை வாசலுக்கு எல்இடி போர்டு மாட்டுகிறவர்கள், எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒன்றைத்தான்: படம் ஏன் இப்படித் தெரிகிறது? பழைய டிவி ரிப்பேரும் எல்இடி போர்டு வேலையும் செய்து வருவதால் இந்தக் கேள்விகள் என்னிடம் நிறைய வருகின்றன. நான் சொல்லும் பதில்களுக்கெல்லாம் அடியில் ஒரே விஷயம்தான் இருக்கும். ஒரு படம் எந்தத் திரையை மனதில் வைத்துச் செய்யப்பட்டதோ, அந்தத் திரையும் படத்தில் ஒரு பாதி. திரையை மாற்றினால் படமும் மாறும், பிக்சல் எண்ணிக்கை எவ்வளவு கூடினாலும் சரி.

பிக்சல் வேறு, ஸ்கேன்லைன் வேறா?

வேறுதான். பிக்சல் ஒரு புள்ளி. எல்சிடி, ஓஎல்இடி, எல்இடி போர்டு எல்லாவற்றிலும் அந்தப் புள்ளிக்கு நிலையான இடம் உண்டு, அது அங்கிருந்து நகராது. ஸ்கேன்லைன் என்பது பிக்சர் டியூபில் எலெக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக இழுத்துவிட்டுப் போகும் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குள் புள்ளி புள்ளியாக எதுவும் வெட்டி வைத்திருக்காது, போகப் போகக் கற்றையின் வலு கூடும், குறையும், அவ்வளவுதான். அதனால் பழைய டிவிப் படத்தை மேலிருந்து கீழாக எண்ணலாம், குறுக்காக எண்ண முடியாது.

நம் நாட்டுப் பழைய டிவி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையைச் சேர்ந்தது. ஒரு முழுப் படத்துக்கு 625 கோடு, அதில் படமாகத் தெரிவது 576, மீதிக் கோடுகளின் நேரத்தில் கற்றை கீழிருந்து திரும்ப மேலே போகிறது. ஒரு கோட்டுக்கு 64 மைக்ரோ செகண்ட், அதாவது வினாடிக்கு 15,625 கோடு. பழைய டிவியை ஆன் செய்ததும் 'கீ' என்று ஒரு மெல்லிய சத்தம் பிள்ளைகளுக்குக் கேட்கும், வீட்டுப் பெரியவர்களுக்குக் கேட்காது. அந்தச் சத்தத்தின் அலைவெண்தான் இந்த 15,625 ஹெர்ட்ஸ்.

பழைய டிவியைக் கிட்டப் போய்ப் பார்த்தால் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் தெரிகின்றனவே, அவை பிக்சல் இல்லையா?

இல்லை. அவை கண்ணாடியின் உட்புறம் பூசியிருக்கும் பாஸ்பர், கற்றை பட்டதும் ஒளிரும் பூச்சு. அதற்குப் பின்னால் ஓட்டை போட்ட மெல்லிய உலோகத் தகடு ஒன்று இருக்கிறது, சிவப்புக்கான கற்றை சிவப்புப் பாஸ்பரில் மட்டும் விழ வேண்டும் என்பதற்காக. கற்றைக்கு இந்தப் புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்றே தெரியாது, அது பாட்டுக்குக் கோடு இழுத்துக்கொண்டு போகும். படத்தின் ஒரு புள்ளி இரண்டு மூன்று தொகுதிப் பாஸ்பர்கள் மேல் பரவி விழலாம், ஒரு தொகுதியின் பாதியிலும் விழலாம். பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் பெட்டியில் 0.28 மில்லிமீட்டர் என்று பெருமையாகப் போட்டிருப்பார்களே, அது இந்தப் பாஸ்பர் தொகுதிகளுக்கு இடையே உள்ள தூரம்தான்.

சோனி 1968-ல் கொண்டுவந்த டிரினிட்ரான் டியூபில் ஓட்டைத் தகடு கிடையாது, அதற்குப் பதில் மேலிருந்து கீழாக இழுத்துக் கட்டிய கம்பிகள். அவை அதிராமல் இருக்கக் குறுக்கே ஒரு மெல்லிய கம்பி, பெரிய திரை என்றால் இரண்டு. வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால் அதன் நிழல் மயிரிழை போலத் தெரியும். அதைப் பழுது என்று நினைத்துச் செட்டைத் தூக்கி வருபவர்கள் இன்னும் உண்டு. பழுது இல்லை, அந்த டியூபின் அமைப்பே அப்படி.

சின்ன வயதில் ஆடிய டிவி கேம் புது டிவியில் ஏன் இவ்வளவு அசிங்கமாகத் தெரிகிறது?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல எனக்கு ஆசை, ஏனென்றால் பலரும் 'அப்போது நமக்கு ஒன்றும் தெரியாது, எதைப் பார்த்தாலும் நன்றாக இருந்தது' என்று முடித்துவிடுகிறார்கள். அது தப்பு. அப்போது அது உண்மையிலேயே நன்றாக இருந்தது.

கேசட் போட்டு ஆடிய நம் ஊர் டிவி கேம்களில் பெரும்பாலானவை 1983-ல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ ஃபேமிலி கம்ப்யூட்டரைப் பார்த்துச் செய்தவை. படம் குறுக்கே 256 புள்ளி, உயரத்தில் 240 கோடு. இந்த 256 புள்ளியையும் 4:3 திரையில் விரிப்பதால் ஒவ்வொரு புள்ளியும் சதுரமாக இருக்காது, கொஞ்சம் அகன்றே விழும். அதை வரைந்தவர்கள் அந்த அகலத்தையும் கணக்கில் வைத்துத்தான் வரைந்தார்கள். புது டிவி இதை 16:9 ஆக இழுத்துவிட்டால் ஆள் குட்டையாகிவிடுகிறார், சதுரப் புள்ளியாக வைத்தால் ஒல்லியாகிவிடுகிறார்.

அடுத்தது மஞ்சள் பின் வயர். அந்த ஒற்றை வயரில் வெளிச்சமும் நிறமும் கலந்தே வரும். பால் முறையில் நிறம் 4.43 மெகாஹெர்ட்ஸில் ஏறி வருகிறது, அதைப் பிரிக்கும்போது பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றோடொன்று கசிந்துவிடும். இதைத் தெரிந்துகொண்டு அந்தக் காலத்து ஓவியர்கள் செய்த வேலை அபாரமானது. நீர்வீழ்ச்சி வேண்டுமா, ஒரு நெடுவரிசை நீலம், அடுத்த நெடுவரிசை காலி, மறுபடி நீலம் என்று வரைவார்கள், டிவியில் அது கலந்து பின்னால் இருக்கும் பாறை தெரியும் கண்ணாடித் தண்ணீராகிவிடும். மெஷினில் இல்லாத நிறத்தை இரண்டு நிறங்களைக் கட்டம் கட்டமாக அடுத்தடுத்து வைத்தே உண்டாக்கினார்கள். அதே படத்தை எச்டிஎம்ஐயில் துல்லியமாகக் காட்டினால் தண்ணீர் போய் ஜன்னல் கம்பி தெரியும்.

இதோடு ஸ்கேன்லைனும் சேர்கிறது. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே ஓர் இருட்டு இருப்பதால் படிக்கட்டு மாதிரி வெட்டிய விளிம்புகள் கண்ணுக்கு வளைவாகத் தெரியும், இல்லாத நுணுக்கத்தைக் கண் தானாக நிரப்பிக்கொள்ளும். 43 அங்குல எல்சிடியில் ஒரு கேம் கோடு இரண்டு மில்லிமீட்டருக்கும் மேல் உயரமுள்ள தட்டையான பட்டையாகிவிடுகிறது, நிரப்புவதற்குக் கண்ணுக்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

தூர்தர்ஷன் பார்க்கும்போது தெரியாத கறுப்பு இடைவெளி கேம் ஆடும்போது மட்டும் ஏன் தெரிகிறது?

நல்ல கேள்வி, பலர் கவனித்திருக்கவே மாட்டார்கள். கொடைக்கானல் கோபுரத்திலிருந்து வந்த ஒளிபரப்பில் படம் இரண்டு பாதியாக வரும். முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்த 50-ல் ஒரு பங்கு வினாடியில் இரட்டைப்படைக் கோடுகள். ஒவ்வொரு பாதியிலும் 312 முழுக்கோடும் ஓர் அரைக்கோடும் இருக்கும். அந்த அரைக்கோடுதான் சூட்சுமம். அதனால்தான் இரண்டாவது பாதி முதல் பாதியின் இடைவெளிகளுக்குள் சரியாகப் போய் உட்காருகிறது.

டிவி கேம் அந்த அரைக்கோட்டை அனுப்பாது. ஒவ்வொரு முறையும் முழு 312 கோடு (படத்தின் 240 கோடும் அதில் அடக்கம்) என்றால் கற்றை திரும்பத் திரும்ப அதே இடத்தில்தான் கோடு இழுக்கும், இடையில் உள்ள வரிசை ஒருபோதும் எரியாது. அதுதான் அந்தக் கறுப்பு. கோடு பாதியானது குறை மாதிரித் தோன்றும், ஆனால் இதற்குப் பதிலாகக் கிடைப்பது பெரிது: வினாடிக்கு 50 முழுப் படம், நடுக்கமே இல்லாமல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்காது. வெளிச்சமான இடத்தில் கற்றை வலுவாக அடிப்பதால் கோடு தடிக்கும், பக்கத்துக் கோட்டோடு கிட்டத்தட்ட ஒட்டிக்கொள்ளும். இருட்டான இடத்தில் கோடு மெலிந்து இடைவெளி அகலும். வானம் வழவழப்பாகவும் குகை வரிவரியாகவும் தெரிந்தது இதனால்தான். அடுத்த கேள்விக்கு இது வேண்டும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எமுலேட்டரில் (பழைய கேமைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருள்) ஸ்கேன்லைன் ஃபில்டர் போட்டேன், படம் இருட்டாகி, சில கோடு தடிமனாக, சில கோடு மெல்லிசாக வருகிறது. என்ன செய்யலாம்?

இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இவை.

தடிமன் மாறுவது கணக்குப் பிரச்சினை. 1080 வரிசை உள்ள டிவியில் 240 கோட்டை நிரப்பச் சொன்னால் ஒரு கோட்டுக்கு நாலரை வரிசை வரும். அரை வரிசை என்று ஒன்று திரையில் கிடையாது, எனவே சில கோடு நாலு வரிசையும் சில கோடு ஐந்து வரிசையும் எடுத்துக்கொள்ளும், திரை முழுக்க அலை அலையாக ஒரு பட்டை ஓடும். ரெட்ரோஆர்ச் போன்ற எமுலேட்டர்களில் இன்டீஜர் ஸ்கேல் என்று ஓர் அமைப்பு இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். 240-ஐ நாலு மடங்காக்கினால் 960, மேலேயும் கீழேயும் 60 வரிசை கறுப்பாகக் கிடக்கும், கிடக்கட்டும். குறுக்கே 256-ஐ ஐந்து மடங்காக்கினால் 1280. 1280-க்கு 960 என்பது அச்சாக 4:3. இவ்வளவு அழகாகப் பொருந்தும் கணக்கை விட்டுவிட்டுத் திரையை நிரப்ப வேண்டும் என்று ஏன் அடம்பிடிக்க வேண்டும்? 4கே டிவி இருந்தால் இன்னும் வசதி, 2160-ல் 240 சரியாக ஒன்பது முறை போகும். சும்மா கிடக்கும் 720 வரிசைப் பழைய மானிட்டர் இருந்தாலும் மூன்று மடங்கு சரியாக வரும்.

இருட்டாவது வேறு விஷயம். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையைக் கறுப்பாக்கினால் பாதி வெளிச்சம் போய்விடும். பிக்சர் டியூபில் அந்த மெல்லிய கோடே பிரகாசமாக எரிந்ததால் அது ஈடுகட்டிக்கொண்டது. எனவே டிவியின் பேக்லைட்டைக் கூட்டுங்கள். பிரைட்னஸ் என்ற பெயரில் இருப்பதைக் கூட்டாதீர்கள், பெரும்பாலான டிவியில் அது கறுப்பைச் சாம்பலாக்குவதோடு சரி. அப்புறம், வெறும் கறுப்புக் கோடு அடிக்கும் ஃபில்டரை விட்டுவிட்டு, வெளிச்சத்துக்கு ஏற்பக் கோட்டின் தடிமனை மாற்றும் ஷேடர் என்ற நுணுக்கமான ஃபில்டர்களைப் போட்டுப் பாருங்கள். சிஆர்டி-ஈசிமோட் சாதாரண லேப்டாப்பிலும் ஓடும், சிஆர்டி-ராயல் கொஞ்சம் வலுவான கிராபிக்ஸ் கார்டு கேட்கும். என் கருத்து: 1080 திரையில் பாஸ்பர்ப் புள்ளி, கண்ணாடி வளைவு எல்லாவற்றையும் சேர்த்துக் காட்ட வரிசைகள் போதாது, கோடு மட்டும் போதும். 4கேயில் எல்லாம் போட்டுப் பாருங்கள்.

பழைய டிவி கேமை மஞ்சள் பின்னிலேயே புது டிவியில் சொருகினால்?

ஓடும், ஆனால் பல புது டிவிகள் அந்த 240 கோட்டுப் படத்தை ஒளிபரப்பு மாதிரி இரண்டு பாதியாக எடுத்துக்கொண்டு சேர்க்கப் பார்க்கும். ஆள் அடிபட்டதும் மினுக் மினுக்கென்று மறைந்து தோன்றுவாரே, அந்த இடத்தில் பாதி உடம்பு காணாமல் போவதும், பட்டன் அழுத்தி ஒரு கணம் கழித்துக் குதிப்பதும் இதனால்தான். டிவியில் கேம் மோட் இருந்தால் போடுங்கள், தாமதம் குறையும். படம் அப்படியேதான் இருக்கும்.

அதோடு வந்த துப்பாக்கியும் வேலை செய்யவில்லையே?

செய்யாது, துப்பாக்கியில் பழுதில்லை. விசையை இழுத்ததும் மெஷின் ஒரு கணம் திரையைக் கறுப்பாக்கி, அடுத்த கணம் சுட வேண்டிய வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் போடும். துப்பாக்கியின் முனையில் இருக்கும் கண் அந்த வெள்ளையைப் பார்த்தால் அடி விழுந்தது என்று கணக்கு. வீட்டு பல்பைப் பார்த்து ஏமாறாமல் இருக்க, வினாடிக்குச் சுமார் 15,000 தடவை துடிக்கும் ஒளியை மட்டும் அது ஏற்றுக்கொள்ளும். அந்தத் துடிப்பு ஸ்கேன்லைன் போடுவதால் வருவது. எல்சிடியில் கோடு கோடாக எரிவது என்ற ஒன்றே இல்லை, போதாததற்குப் படமும் தாமதமாக வருகிறது.

அரசு கொடுத்த 14 அங்குல டிவி வீட்டில் கிடக்கிறது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?

தயவுசெய்து அவசரப்பட வேண்டாம். 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த செட்டுகள் உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராம வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. டியூப் நல்ல நிலையில் இருந்தால் பழைய கேம் ஆட அதைவிடப் பொருத்தமான திரை கிடைப்பது கஷ்டம். திரை உயரம் சுமார் 20 சென்டிமீட்டர், அதில் கேம் கோடு ஒவ்வொன்றும் 0.7 மில்லிமீட்டர், இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் கோடு இருப்பதும் இல்லாததுமாக, மிகச் சரியான பதத்தில் தெரியும்.

ஆன் செய்து பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். மெதுவாக வெளிச்சம் ஏறி, அப்போதும் மங்கலாகவே இருந்தால் டியூப் தேய்ந்துவிட்டது. மூலையில் நிறம் திட்டுத்திட்டாக இருந்தால் பயப்படாதீர்கள், பக்கத்தில் ஸ்பீக்கர் இருக்கிறதா பாருங்கள், தள்ளி வைத்துவிட்டுச் செட்டை அணைத்து ஆறவிட்டு மறுபடி போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஏவி பின் இல்லாத செட் என்றால் ஆண்டெனா ஓட்டை வழியாகக் கொடுக்கலாம், கொஞ்சம் கசங்கித் தெரியும். பின்மூடியை மட்டும் நீங்களாகக் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும், கைப்பழக்கம் உள்ள மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை அது.

டிவியில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. அதுவும் ஸ்கேன்லைனா?

கிடையாது. எந்தக் கோடு என்பதைப் பொறுத்துப் பழுது மாறும்.

பிக்சர் டியூப் டிவியில் படம் முழுக்கச் சுருங்கி நடுவில் குறுக்காக ஒரே ஒரு வெள்ளைக் கோடாக நின்றால் கோடுகளை மேலிருந்து கீழாகப் பரப்பும் வெர்டிகல் பகுதி போய்விட்டது, பெரும்பாலும் ஐசிதான், சின்னச் செலவில் முடியும். அந்த நிலையில் செட்டை ஓடவிடாதீர்கள், கோடு பாஸ்பரைச் சுட்டுவிடும். படத்தின் மேல் சாய்வாக வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் கற்றை திரும்பிப் போகும் தடம் கண்ணுக்குத் தெரிகிறது என்று அர்த்தம், உள்ளே டியூபுக்கு உயர் வோல்ட் கொடுக்கும் இ.எச்.டி. டிரான்ஸ்ஃபார்மரில் ஸ்க்ரீன் என்று ஒரு திருகு இருக்கும், மெக்கானிக் அதைக் கொஞ்சம் குறைத்தாலே பல செட்டுகளில் போய்விடும். எல்சிடியில் நெடுக்காக ஒரு கோடு என்றால் பேனல் ஓரத்தில் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் மெல்லிய இணைப்பு விட்டுப்போயிருக்கும். தட்டினால் போகிறது, மறுபடி வருகிறது என்பார்கள். தட்டாதீர்கள், கோடு இரண்டாகும். ஒரே ஒரு புள்ளி மட்டும் எப்போதும் சிவப்பாகவோ பச்சையாகவோ எரிந்தால் அது ஒரு பிக்சலின் பழுது, புது டிவி என்றால் வாரண்டியில் எத்தனை புள்ளி வரை பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று படித்துவிட்டுப் பேசுங்கள்.

கல்யாண கேசட்டைப் பென்டிரைவில் ஏற்றித் தந்தார்கள். ஆட்கள் அசையும்போது உடம்பு ஓரமெல்லாம் பல் பல்லாகக் கிழிகிறதே?

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் இழப்பு கேசட்டில் இல்லை, ஏற்றிய விதத்தில்தான் இருக்கிறது. கேசட்டில் இருப்பதும் இரண்டு பாதிப் படங்கள்தான், 50-ல் ஒரு வினாடி முன்னும் பின்னும் எடுத்தவை. மாப்பிள்ளை கை அசைந்திருந்தால் முதல் பாதியில் கை ஓரிடத்தில் இருக்கும், அடுத்த பாதியில் இன்னோரிடத்தில். பிக்சர் டியூப் இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டியதால் இயல்பாக இருந்தது. புதுத் திரை இரண்டையும் ஒரே படமாகக் கோர்த்துக் காட்டுவதால் பல் தெரிகிறது.

கோப்பு இன்னும் 720-க்கு 576 அளவில் இருந்தால் காப்பாற்றலாம். விஎல்சியில் வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸ் என்பதை ஆன் செய்து, முறையில் யாடிஃப் 2எக்ஸ் வையுங்கள். பாதிப் படம் ஒவ்வொன்றும் தனிப் படமாகி வினாடிக்கு 50 படம் ஓடும், பந்தியில் பரிமாறுகிறவர் நடை கூட வழுவழுவென்று வரும். படம் முன்னும் பின்னும் உதறினால் எந்தப் பாதி முதலில் என்ற வரிசை தவறியிருக்கிறது, மாற்றிப் போடச் சொல்லுங்கள். ஆனால் ஏற்றியவர் ஏற்கனவே 480 வரிசைக்குச் சுருக்கியோ 1080-க்கு இழுத்தோ கொடுத்திருந்தால் இரண்டு பாதியும் குழம்பிக் கலந்திருக்கும், அதைப் பிரிப்பது ரொம்பக் கடினம். எனவே கேசட்டைக் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: 576 வரிசை, 50 பாதிப் படம், எதையும் மாற்றாமல் அப்படியே வேண்டும், 'எச்டி ஆக்கித் தருகிறோம்' எல்லாம் வேண்டாம். கேசட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

விசிடியில் இருக்கிறது என்றால் கதை வேறு. விசிடி 352-க்கு 288, ஒரு பாதிக் கோடுகளை ஏற்கனவே விட்டுவிட்டார்கள். பல் இருக்காது, நுணுக்கமும் இருக்காது. சின்னத் திரையில் பாருங்கள்.

எத்தனை அடி தள்ளி உட்கார்ந்தால் பிக்சல் தெரியாது? 4கே வாங்கத்தான் வேண்டுமா?

நல்ல பார்வை உள்ள கண் ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்கும். நடைமுறைக் கணக்கு: இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் எடுத்து 3.4-ஆல் பெருக்குங்கள், வருவது மீட்டர். அதற்கு மேல் தள்ளிப் போனால் புள்ளிகள் ஒன்றாகிவிடும். 32 அங்குலத்தில் 1366-க்கு 768 உள்ள டிவிக்குப் புள்ளி அளவு 0.52, ஆக 1.8 மீட்டர். 43 அங்குலத்தில் 1080 என்றால் 0.5, சுமார் 1.7 மீட்டர். அதே 43-ல் 4கே என்றால் 0.25, ஒரு மீட்டர்கூட இல்லை. நம் வீட்டு ஹாலில் சோபாவுக்கும் டிவிக்கும் இடையே எட்டு ஒன்பது அடி இருக்கும், 43 அங்குலம் வரை அந்தத் தூரத்தில் 1080-க்கும் 4கேக்கும் பிக்சலால் வரும் வித்தியாசம் கண்ணுக்கு எட்டாது. கடையில் ஒரு கை தூரத்தில் நின்று பார்ப்பதால்தான் அங்கே பளிச்சென்று தெரிகிறது. 55-க்கு மேல் வாங்குகிறீர்களா, 4கே எடுங்கள். சுங்குடிச் சேலையைக் கையில் பிடித்துப் பார்ப்பதற்கும் தெருவின் அந்தப் பக்கம் உடுத்திக்கொண்டு போகும்போது பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது, புள்ளியின் அளவை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

லேப்டாப்பை டிவியில் மாட்டினால் எழுத்து மட்டும் கலங்குகிறதே?

டிவி படத்தின் ஓரத்தை வெட்டிக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டுகிறது, பிக்சர் டியூப் காலத்துப் பழக்கம் அது. படத்தின் அளவு அமைப்பில் ஜஸ்ட் ஸ்கேன், 1:1, ஸ்க்ரீன் ஃபிட் என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும், அதைப் போடுங்கள். இன்புட்டின் பெயரை பிசி என்று மாற்றினால் பல டிவிகளில் நிறமும் முழு நுணுக்கத்தில் வரும், சிவப்பு எழுத்தின் ஓரம் தெளியும்.

கடை எல்இடி போர்டில் தமிழ் எழுத்து ஏன் படிக்கவே முடியவில்லை?

மாசி வீதிகளில் ஒரு சுற்று வந்தால் போதும், ஆங்கிலம் தெளிவாகவும் தமிழ் அப்பியும் தெரிகிற போர்டு எத்தனை என்று பாருங்கள். இதில் எனக்குக் கோபமே உண்டு, ஏனென்றால் கொஞ்சம் அக்கறை இருந்தால் சரிசெய்துவிடலாம்.

கடைகளில் அதிகம் மாட்டுவது பி10 பலகை, புள்ளிக்குப் புள்ளி 10 மில்லிமீட்டர். ஒரு பலகையில் குறுக்கே 32 புள்ளி, உயரம் 16 புள்ளி. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு ஏழு புள்ளி உயரம் போதும், மேலேயும் கீழேயும் ஒன்றும் தொங்காது. தமிழில் மேலே புள்ளியும் இகரக் கொக்கியும், கீழே டு, து, கூ மாதிரியான வால்கள். மேலே மூன்று, கீழே நான்கு வரிசை அதற்கே போய்விட்டால் எழுத்தின் உடம்புக்கு மிஞ்சுவது ஒன்பது. அகலத்தில் இன்னும் சிக்கல். ஒரு சுழி திறந்து தெரிய வேண்டுமானால் கோடு, ஓட்டை, கோடு என்று குறைந்தது மூன்று நெடுவரிசை வேண்டும். மூன்று சுழி ண போட்டால் பதினோரு நெடுவரிசை போகும், இரண்டு சுழி ன ஒன்பதில் முடியும். அந்த இரண்டு நெடுவரிசையைச் சுருக்கினால் 'மாட்டுத்தாவணி' 'மாட்டுத்தாவனி' ஆகிவிடுகிறது. அந்த ஒரு சொல்லை ஒழுங்காக எழுதவே ஏறக்குறைய 90 புள்ளி அகலம், அதாவது மூன்று பலகை.

பெரும்பாலான இடங்களில் நடப்பது என்ன? கம்ப்யூட்டரில் உள்ள தமிழ் எழுத்துருவை மென்பொருள் 16 புள்ளிக்குச் சுருக்கிவிடும், சுழியெல்லாம் அடைத்துக்கொள்ளும். போர்டு போடுகிறவரிடம் புள்ளி புள்ளியாகக் கையால் வரைந்த தமிழ் எழுத்து இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் இரண்டு பலகையை மேலும் கீழுமாக அடுக்கி 32 புள்ளி உயரத்தில் போடச் சொல்லுங்கள், செலவு இரட்டிக்கும், ஆனால் படிக்க முடியும். பி10-க்கு மேலே சொன்ன கணக்குப்படி 34 மீட்டர் தள்ளி நின்றால்தான் புள்ளி மறையும், குறுகலான தெருவில் எதிர்ச்சாரியில் நிற்பவருக்கு அது பொருந்தவே பொருந்தாது. பி5 போட்டால் 17 மீட்டர்.

ஓடும் எழுத்தையும் முடிந்தவரை தவிர்க்கச் சொல்வேன். ஒற்றை நிற பி10 பலகையில் ஒரே நேரத்தில் நான்கில் ஒரு பங்கு வரிசைதான் எரியும், நான்கு முறை மாறி மாறி எரிந்து முழுப் படமாகிறது. அங்கேயும் ஸ்கேன் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எழுத்து ஓடும்போது நம் கண் கூடவே ஓடுவதால், முந்திப் பிந்தி எரிந்த வரிசைகள் விலகித் தெரியும், நேர்கோடு ரம்பமாகும். அதிகச் சுழியுள்ள தமிழ் எழுத்துக்கு அது பெரிய கேடு. நிறுத்தி, மூன்று வினாடி காட்டி, அடுத்த சொல்லுக்கு மாற்றுங்கள்.

சித்திரைத் திருவிழாவில் பெரிய எல்இடி திரையைப் போனில் எடுத்தால் கறுப்புப் பட்டை விழுகிறதே?

இப்போது சொன்ன அதே காரணம்தான். திரையின் வரிசைகள் மாறி மாறி எரிகின்றன, போன் கேமராவும் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகத்தான் படம் பிடிக்கிறது. கேமரா ஒரு வரிசையைப் பிடிக்கும் நேரம் மிகக் குறுகியதாக இருந்தால் அந்த நேரத்தில் எரியாத வரிசைகள் கறுப்பாகிவிடும். பகல் வெயிலில் போன் தானாக ஷட்டர் வேகத்தைக் கூட்டுவதால் பட்டை அதிகம். புரோ மோடில் ஷட்டரை 50-ல் ஒரு வினாடியில் நிறுத்துங்கள், ஐஎஸ்ஓவைக் குறையுங்கள், பட்டை பெரும்பாலும் மறைந்துவிடும். பிக்சர் டியூப் டிவியைப் படம் பிடிக்கவும் இதே 50-ல் ஒன்றுதான், ஒரு பாதிப் படம் ஓடி முடியும் நேரம் அது. வீடியோ எடுப்பவர்கள் வினாடிக்கு 25 படம் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டை இல்லாமல் வானவில் மாதிரி அலைகள் விழுந்தால் அது வேறு. திரையின் புள்ளி வரிசையும் கேமரா சென்சாரின் புள்ளி வரிசையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. இரண்டடி முன்னால் போங்கள் அல்லது பின்னால் வாருங்கள், ஜூமைக் கொஞ்சம் மாற்றுங்கள், கூட்டத்தில் நகர முடியாவிட்டால் திரைக்கு முன்னால் நிற்பவர்கள் மேல் ஃபோகஸ் வையுங்கள், திரை லேசாகக் கலங்கியதும் அலை போய்விடும். மேடைக்குத் திரை வாடகைக்கு எடுப்பவராக இருந்தால் ரெஃப்ரெஷ் (வினாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கு) 3840 ஹெர்ட்ஸ் உள்ள பலகையாகக் கேட்டு வாங்குங்கள், நேரில் பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது, போனில் எடுக்கிறவர் எல்லோருக்கும் தெரியும்.